தாடி வெச்சவனெல்லாம் மந்திரவாதியா?

அப்பு, உன் கதையக் கேட்டு முடிச்சாச்சு. உன் தங்கச்சிதான் வாசிச்சா. நான் கயித்துக் கட்டில்ல கெடந்துக்கிட்டுக் காதக் குடுத்தேன். நல்லாத்தான்டா இருக்கு. மூணு கோட்டை, ரெண்டு டிராகன், ஆத்தைக் கடக்குற எடத்துல எல்லாம் ஒரு சண்டை. ராசா பேருதான் வாயில நுழையல. நடுவுல அப்பாஸ்ட்ரபின்னு ஒத்தைக் கொம்பு ஒண்ணு வேற தொங்குதாம். எதுக்குடி அதுன்னு கேட்டா, பழைய காலத்துச் சீமைப் பேருன்னா அப்படித்தான் இருக்குமாம். சரி, இருந்துட்டுப் போகட்டும். பேரு வெக்கிறது பெத்தவன் இஷ்டம்.

எட்டாப்புத் தாண்டாத கெழவனுக்கு இதுல என்ன தெரியும்னு நீ கேப்பே. உன் தங்கச்சி எம்.ஏ. இங்கிலீஷ் பரீட்சைக்கு இந்தத் திண்ணையிலதான் சத்தம் போட்டுப் படிச்சா. அவளுக்கு நெட்டுரு ஏறுச்சோ இல்லியோ, எனக்கு ஏறிப்போச்சு. 1485-ல காக்ஸ்டன் அச்சடிச்சாரு, 1605-ல செர்வாண்டிஸ் எழுதுனாரு, 1954-ல டோல்கீன் வந்தாருன்னு பாதித் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். பரீட்சைய நான் எழுதியிருந்தா முதல் வகுப்பு. அவளுக்கு ரெண்டாவதுதான் வந்துச்சு, அதை விடு.

உன் கதையில வர்ற ஆளுகளைப் பூராம் எனக்கு முன்னாடியே தெரியும்டா. தோள்ல மச்சம் உள்ள அநாதைப் பய. வெள்ளைத்தாடி மந்திரவாதி. களவாணிதான், ஆனா தங்கமான மனசு. வில்லெடுத்த இளவரசி. கருப்புக் கோபுரத்துல கருப்பு அங்கி மாட்டிக் குந்தியிருக்கிற பொல்லாதவன். இதைக் குத்தமாச் சொல்லல. எங்க பக்கத்துத் திருவிழாவுல ஸ்பெஷல் நாடகம் போடுவாகள்ல? ராஜபார்ட் ஒரு ஊரு, ஸ்திரீபார்ட் ஒரு ஊரு, பபூன் இன்னொரு ஊரு. தனித்தனியாப் பேசி, முன்பணம் குடுத்துக் கூட்டிட்டு வருவாக. ஒத்திகையும் கெடையாது ஒண்ணும் கெடையாது. ராத்திரி மேடை ஏறித்தான் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாப்பாக. வள்ளி திருமணம் கதை தெரியாதவன் ஊருல யாரு? இருந்தும் விடிய விடிய உக்காந்திருப்போம். பபூன் இன்னைக்கு என்ன கூத்தடிக்கப் போறான்னு பாக்கத்தான். அவன் மேடைக்கு வந்ததும் மொதக் காரியமா, பேசுன காசை நாடகக் கமிட்டி இன்னும் குடுக்கலன்னு ஒரு போடு போடுவான் பாரு, அந்த எடத்துல அவன் நம்ம ஆளாயிருவான்.

உன் ஆளுகளுக்கு அந்தப் பாக்கிதான் இல்ல. எல்லாரும் வேஷத்தோட வந்துட்டாக. வரவு செலவோட ஒருத்தரும் வரல.

அந்த அநாதைப் பயலை எடுத்துக்க. முதப் பக்கத்துலயே அப்பன் ஆத்தாளைத் தீயில போட்டுட்டே. ஏன்னு எனக்குத் தெரியாதா? பெத்தவுக இருந்தா, "எங்கடா கெளம்பிட்டே, யாருகூடடா போறே, சாப்பிட்டியா"ன்னு கேப்பாக. கதை வாசப்படியத் தாண்டாது. டோல்கீனும் அந்த வேலையப் பாத்தவருதான். அவரு மோதிரக் கதையோட நாயகன் ஃப்ரோடோவோட அப்பனும் ஆத்தாளும் ஆத்துல படகு விபத்துல போய்ச் சேந்தவுக. ஆனா மோதிரத்தைத் தூக்கிக்கிட்டு அவன் ஊரை விட்டுக் கெளம்பும்போது வயசு என்னன்னு நெனைக்கிற? அம்பது! உன்னையப் போல ஆளுக கதையிலதான் உலகத்தைக் காப்பாத்துறவனுக்கு மீசை மொளைக்கக்கூட நேரம் இல்ல.

அம்பது வயசுக்காரன் சும்மா கெளம்ப முடியுமா? வீடு இருக்கு, தோட்டம் இருக்கு. முதல்ல வீட்டை வித்தான். யாருக்கு? பங்காளிக்கு! இங்கதான்டா அந்த மனுசன் எழுத்துக்காரன். ஃப்ரோடோவை எடுத்து வளத்த பில்போவுக்கு ஒரு சித்தப்பா மகன். அவன் பொண்டாட்டி லோபிலியா. முன்னால ஒரு தடவை பில்போ ஊரு ஒலகமெல்லாம் சுத்தி, டிராகனைப் பாத்துட்டுத் திரும்பி வர்றாரு. வாசல்ல கூட்டம். என்னன்னு பாத்தா, இவரு செத்துப்போயிட்டாருன்னு முடிவு கட்டி வீட்டுச் சாமானை ஏலம் விட்டுக்கிட்டிருக்காக. பங்காளி வீட்டார் உள்ள நின்னு, தங்களோட சாமானுக்கு எடம் பத்துமான்னு அறை அறையா அளந்துக்கிட்டிருக்காக. நம்ம ஊருல நடக்காததா? அந்தக் கலவரத்துல வெள்ளிக் கரண்டி கொஞ்சம் காணாமப் போச்சு. பில்போ அதை மறக்கவே இல்ல. பல வருசம் கழிச்சு ஊரை விட்டுப் போகையில ஆளாளுக்கு ஒரு பரிசு எழுதி வெச்சுட்டுப் போனாரு. லோபிலியாவுக்கு என்ன தெரியுமா? ஒரு பெட்டி வெள்ளிக் கரண்டி!

பெறகு ஃப்ரோடோ வீட்டை அவளுக்கே வித்துட்டுக் கெளம்புற அன்னைக்கு, சாப்பிட்ட எச்சித் தட்டைக் கழுவாமப் போட்டுட்டுப் போறான். உலகத்தையே அழிக்கிற மோதிரம் மடியில கெடக்கு, துரத்துறவன் பின்னாடியே வர்றான், அந்த நேரத்துல பங்காளி வீட்டுக்காரிக்குப் பாத்திரம் மிச்சம் வெச்சுட்டுப் போறான் பாரு. அந்தக் குசும்புக்காகவே அவன்கூட எரிமலை வரைக்கும் நான் நடந்தேன்.

அதோட விட்டாரா? கதை முடியப்போற நேரத்துல ரவுடிப் பசங்க அவுக ஊரைப் புடிச்சு ஆட்டி வெக்கிறாக. அந்தக் கெழவி லோபிலியா குடையத் தூக்கிக்கிட்டு அவங்களை எதுத்து நிக்கிறா. புடிச்சுச் சிறையில போட்டுர்றாக. பெறகு ஃப்ரோடோ கையப் புடிச்சுக்கிட்டு, அந்தக் குடையையும் விடாம, நொண்டிக்கிட்டே வெளிய வர்றா. ஊரே கை தட்டுது. அவ ஆயுசுல அவளுக்கு யாரும் கை தட்டுனதே இல்ல. அழுதுட்டாளாம். வாங்குன வீட்டையும் திருப்பிக் குடுத்துட்டு, சாகும்போது இருந்த பணத்தை வீடு இழந்தவுகளுக்குன்னு எழுதி வெச்சுட்டுப் போனா. டிராகன், மந்திரக்கோலு, ஒளி வீசுற கத்தி எல்லாத்தையும் விட இந்த எடத்துலதான்டா நான் எந்திரிச்சு உக்காந்தேன். அவ கதையில மொத்தமா எம்புட்டுப் பக்கம் வர்றா? ஒரு கை விரல்ல எண்ணிறலாம். பேராசை புடிச்ச சொந்தக்காரிங்குற பழைய வேஷந்தான். ஆனா கரண்டியில ஆரம்பிச்சுக் கணக்கு நேர் பண்ணி அனுப்பிட்டாரு.

இன்னொண்ணு. அம்புட்டுத் தூரம் போன ஃப்ரோடோ, கடைசி நிமிசத்துல மோதிரத்தை எரிமலையில போட மாட்டேன்னுட்டான். கோல்லும்னு ஒரு நோஞ்சான் வந்து விரலோட கடிச்சுப் புடுங்கி, கால் தவறி உள்ள விழுந்ததாலதான் உலகம் தப்பிச்சுச்சு. உன் பய என்னடான்னா எடுத்த காரியத்தை எல்லாம் முடிக்கிறான். தாலுகா ஆபீசுல ஒரு சான்றிதழ் வாங்கப் போயிருந்தா தெரியும் அவனுக்கு.

இப்ப அந்தத் தாடிக்காரரு. உன் மந்திரவாதிக்கு ஒம்பது பக்கத்துல தாடி வருது, மூளை ஒரு பக்கத்துலயும் வரல. எல்லாரும் டோல்கீன் கதையில வர்ற காண்டால்ஃபைப் பாத்துத்தான் தாடி ஒட்டுறீக. அந்தக் காண்டால்ஃபே முதல்ல மந்திரவாதி இல்லடா. டோல்கீன் அந்த பில்போ டிராகன் கதைய எழுத ஆரம்பிச்சப்ப அந்தப் பேரு குள்ளர் கூட்டத்துத் தலைவனுக்குத்தான் இருந்துச்சு. பழைய நார்ஸ் பாட்டு ஒண்ணுல குள்ளருக பேரு வரிசையா வரும். அதுலருந்து எடுத்த பேரு. பெறகுதான் அதைத் தூக்கிக் கெழவனுக்கு வெச்சாரு. அரகார்னு இருக்காரே, பட்டம் கட்டிக்கப்போற மகாராசா, அவரும் முதல் கைப்பிரதியில ஃப்ரோடோவைப் போல ஹாபிட்டுங்குற குட்டை ஆளுதான். மரச்செருப்புப் போட்டுக்கிட்டுத் 'டக்கு டக்கு'ன்னு நடந்து வந்த ஆளு. எழுத எழுதத்தான் அவரு யாருன்னு எழுதுனவருக்கே தெரிஞ்சுச்சு. நீ என்னடான்னா முதல் அத்தியாயம் எழுதுறதுக்கு முன்னாடியே எல்லாருக்கும் சட்டை தைச்சு வெச்சுட்டே.

காண்டால்ஃப் என்ன வேலை பாத்தாருன்னு யோசிச்சியா? இது அந்தப் பொல்லாத மோதிரந்தானான்னு சந்தேகம் வந்ததும் உடனே கோலைச் சுத்திக் கண்டுபுடிக்கல. பில்போ ஊரை விட்டுப் போனதுக்கும், ஃப்ரோடோகிட்ட வந்து "அதேதான்"னு சொன்னதுக்கும் நடுவுல 17 வருசம். அந்த வருசங்கள்ல நாயா அலைஞ்சு, மோதிரத்தை முன்னால வெச்சிருந்தவனைத் தேடி விசாரிச்சு, தூர தேசத்துத் தலைநகரத்துப் பழைய ஏட்டுக் கட்டைப் பிரிச்சு, ஒரு பழைய ராசா கையால எழுதி வெச்ச குறிப்பைப் படிச்சுட்டு வந்தாரு. பத்திரப் பதிவு ஆபீசுல வில்லங்கம் போட்டுப் பாக்குறவன் மாதிரி, மோதிரத்துக்கு மூலப் பத்திரத்தைத் தேடியிருக்காரு. உன் ஆளு குகையில உக்காந்து, பய வந்ததும் "உனக்காகத்தான் காத்திருந்தேன்"ங்குறாரு. அதுவரைக்கும் சாப்பாட்டுக்கு என்ன பண்ணுனாராம்?

அர்சுலா லெ க்வின்னு ஒரு அம்மா. 1968-ல 'எர்த்ஸீ' மந்திரவாதி கதைய எழுதுனாக. இந்த வெள்ளைத்தாடிக்காரவுக எல்லாம் தாடி மொளைக்கிறதுக்கு முன்னாடி என்ன பண்ணிக்கிட்டு இருந்திருப்பாகன்னு அந்த அம்மா யோசிச்சிருக்காக. ஒரு மலைக்காட்டுத் தீவுல செம்பு நெறத்துப் பய ஒருத்தன், கெட்னு பேரு, ஆடு மேய்க்கிறான். ஆட்டை மடக்கத்தான் முதல் மந்திரத்தையே கத்துக்கிறான். ஆடு மேய்ச்சவன் சொல்றேன், அதுக்கு மந்திரம் வேணும்டா. சும்மா கூப்பிட்டா வராது. அப்பறம் ஓகியான்னு ஒரு குருகிட்டப் போய்ச் சேர்றான். முதல் பயணத்துலயே மழை. மத்த மந்திரவாதிகன்னா மேகத்தை அடுத்த ஊருப் பக்கம் தள்ளி விட்டுருவாக. ஓகியான் என்ன செஞ்சாரு? மழையப் பெய்ய விட்டுட்டு, அடர்த்தியான மரம் ஒண்ணைப் பாத்து அடியில போய்ப் படுத்துக்கிட்டாரு. பயலுக்குக் கோவமான கோவம், சக்தி இருந்து என்ன புண்ணியம்னு. எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்புடணும் போல இருந்துச்சு. நீ தள்ளி விட்ட மழை எவன் வெள்ளாமையில போயி விழும்னு தெரிஞ்ச ஆளு அவரு. பட்டணத்துல குடை புடிச்சுக்கிட்டு எழுதுறவனுக்கு இந்தப் பக்கம் வரவே வராது.

பய வளந்து பட்டம் வாங்குனதும் பெரிய அரண்மனைக்கா போனான்? டிராகன் தொல்லை உள்ள ஒரு ஏழைத் தீவுக்குப் போறான். அங்கன படகு கட்டுறவன்தான் கூட்டாளி. மீன் புடிக்கிறவுக படகுக்கெல்லாம் காப்பு மந்திரம் போட்டுக் குடுக்குறதுதான் பொழப்பு. இதுக்குப் பேருதான்டா உத்தியோகம். அந்தப் பயலைச் செம்பு நெறம்னு அந்த அம்மா எழுத்துல எழுதி வெச்சும், அட்டைப்படத்துல வெள்ளக்காரனாவே வரைஞ்சுக்கிட்டு இருந்தாக. வேஷத்தோட வலு அப்படி! எழுதுனவுகளையே தள்ளிட்டு முன்னால வந்து நின்னுக்கிரும்.

ஆர்தர் ராசா கதைக்கு வருவோம், நீ எல்லாத்துக்கும் அங்கதானே ஓடுறே. வட்ட மேசை, வெள்ளைக் குதிரை, ஒழுக்கத்துல மாசு மருவில்லாத வீரன். அதை எல்லாம் ஒரு சேர எழுதி வெச்ச மாலரி எங்கன உக்காந்து எழுதுனாரு? செயில்ல. தன்னையச் சிறைப்பட்ட வீரன்னே புத்தகத்துல சொல்லிக்கிறாரு. காக்ஸ்டன் அச்சடிச்சப்ப ஆளு உயிரோடவே இல்ல. பெரிய வீரன் லான்சலாட்டு இருக்கானே, அவன் இங்கிலீஷ்காரனே இல்ல. பிரெஞ்சுக் கவிராயர் கிரெத்தியன் 12-ஆம் நூற்றாண்டுல ராணிக்குக் காதலனா ஆக்கி உள்ள விட்ட ஆளு. அந்தக் கதையில ராணியக் கடத்திட்டாக. குதிரையும் செத்துப்போச்சு. ஒரு குள்ளன் வண்டிய ஓட்டிட்டு வந்து, ஏறுனா ராணி இருக்குற எடத்தைச் சொல்றேங்குறான். அது குத்தவாளிகளை ஏத்தி ஊரைச் சுத்திக் காட்டுற வண்டி. ஏறுனா மானம் போச்சு. லான்சலாட்டு ரெண்டு எட்டு வெக்கிற நேரம் தயங்குனான், பெறகு ஏறிட்டான். அம்புட்டுக் கஷ்டப்பட்டு மீட்டதும் ராணி மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. ஏன் ஏறுனேன்னு கேக்கல. ஏன் ரெண்டு எட்டு தயங்குனேன்னு கேட்டா! உங்க அப்பத்தாகிட்ட இதைச் சொன்னேன். "நியாயந்தானே"ன்னுட்டா. அறுபது வருசக் குடித்தனம், நான் வாயத் தொறக்கல.

எனக்கு என்னமோ அந்தக் கே மேலதான் பாசம். ஆர்தர் கூட வளந்த அண்ணன். கல்லுல சொருகுன வாளைத் தம்பி உருவிட்டு வந்து விவரம் தெரியாம அண்ணன் கையில குடுத்தான். அண்ணன்காரன் நேரா அப்பன்கிட்ட போயி, "நாந்தான் ராசா"ன்னான். அப்பன் நம்புவானா? பெத்தவனுக்குத் தெரியாதா? கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி வேதப் புத்தகத்துல கைய வெச்சுச் சத்தியம் பண்ணுடான்னாரு. "தம்பிதான் கொண்டாந்து குடுத்தான்"னு கக்கிட்டான். பெறகு ஆர்தர் அவனை அரண்மனைக் காரியஸ்தனா ஆக்குனாரு. வந்தவன் போனவனுக்கெல்லாம் சோறு, குதிரைக்குத் தீனி, எல்லாம் அவன் பொறுப்பு. கதைக்காரவுக பூராம் அவனை வாய்த்துடுக்கு, கடுகடுப்புன்னு எழுதுறாக. இருக்காதா பின்ன? மேசையச் சுத்தி உக்காந்தவன் எல்லாம் சண்டைக்கும் காதலுக்கும் போயிட்டு ராத்திரி பசியோட வருவான். அரிசிக் கணக்குப் பாக்குறவன் அவன் ஒருத்தன். கடுகடுன்னு இல்லாம கல்யாண வீட்டுப் பந்தியில சிரிக்கிற மாதிரியா சிரிப்பான்? உன் கோட்டையில ஒரு கே-யைப் போடுடா. கதையில பாதி ஓட்டை அடைஞ்சிரும்.

இளவரசியப் பத்திச் சுருக்கமா. வில்லைக் குடுத்தா மட்டும் வீராங்கனை ஆயிட மாட்டா. டோல்கீன்ல ஏயோவின்னு ஒரு புள்ள. ஆம்பளை வேஷம் போட்டுப் போருக்குப் போயி, எந்த ஆம்பளை கையாலயும் சாவு இல்லன்னு இருந்தவனைச் சாய்ச்சா. அதுக்கு முன்னாடி அவ வருசக் கணக்கா என்ன செஞ்சா? சீக்காளிப் பெரியவருக்கு, அவ மாமனுக்கு, பணிவிடை. அந்தக் கட்டில் பக்கத்துல வெந்து வெந்துதான் அந்தக் கத்திக்குச் சூடு வந்துச்சு. உன் இளவரசி காலையில எந்திரிச்சா வில்லைத்தான் எடுக்குறா. யாருக்காச்சும் ஒரு வாய் கஞ்சி ஊத்தியிருக்காளா? நீயே ஊத்தலை, அவளை என்ன சொல்றது.

உன் ஆளுக அஞ்சு பேரும் சத்திரத்துல சந்திக்கிறது, ஆளுக்கொரு வித்தை தெரிஞ்சு வெச்சிருக்கிறது, இதெல்லாம் கதையிலருந்து வந்ததை விட வெளையாட்டுலருந்துதான் வந்திருக்கும். அமெரிக்காவுல 1974-ல கைகாக்ஸ், ஆர்னசன்னு ரெண்டு பேரு ஒரு பகடை வெளையாட்டைப் புத்தகமாப் போட்டாக, 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'னு. வீரன், மந்திரவாதி, பூசாரின்னு மூணே வகை ஆளுகதான். களவாணி அடுத்த வருசந்தான் சேந்தான், எப்பவும் போல லேட்டா. அதுல ஒரு நல்ல காரியம் இருக்கு. ஆளை உண்டாக்குனதும் மூணு பகடைய உருட்டி, வந்ததைப் பத்தால பெருக்கி, அம்புட்டுப் பொற்காசுதான் உனக்குன்னு குடுத்துருவாக. கயிறு, எண்ணெய், கட்டுச்சோறு எல்லாம் அந்தக் காசுக்குள்ள வாங்கிக்கிறணும். வெளையாட்டுக்காரனுக்கு இருக்குற பொறுப்பு கதைக்காரனுக்கு வேணாமா?

சரி, கோபுரத்துக்காரன். கருப்பு அங்கி, சிவப்புக் கண்ணு, சுத்தி எரிஞ்ச காடு, புல்லு பூண்டு இல்ல. லட்சம் பேரு சேனை வெச்சிருக்கான். லட்சம் பேரும் மூணு வேளை எதைடா திங்கிறான்? டோல்கீன் இதையும் விடல. மோர்டார்னு அந்தச் சாம்பக்காட்டு நாட்டுக்குள்ளயே தெக்குப் பக்கம் நூர்னென்னு ஒரு ஏரி. அதைச் சுத்தி அடிமைகளை வெச்சு வெள்ளாமை. ஒரு வரியிலதான் சொல்றாரு, ஆனா சொல்லிட்டாரு. சண்டை முடிஞ்சு அரகார்ன் பட்டத்துக்கு வந்ததும், அந்த அடிமைகளை விடுவிச்சு ஏரிய ஒட்டுன நெலம் பூராத்தையும் அவுகளுக்கே குடுத்துட்டாரு. மார்ட்டின்னு ஒருத்தர், சிம்மாசனச் சண்டைக் கதைய 1996-ல ஆரம்பிச்சு இன்னும் முடிக்காம இழுத்தடிக்கிறவரு, 2014-ல ஒரு பேட்டியில அரகார்னோட வரிக் கொள்கை என்னன்னு கேட்டாரு. நல்ல கேள்வி. வரி எம்புட்டுன்னு எனக்கும் தெரியல. ஆனா உழுதவனுக்குப் பட்டா குடுத்த சேதி அந்தப் புத்தகத்துல இருக்குய்யா. நெலத்தைப் பத்துன சேதின்னா என் காதுக்குத் தப்பாது.

டோல்கீனோட பொல்லாதவன் சவ்ரான் கதையில நேருக்கு நேரா மேடைக்கே வர்றதில்ல. அவன்கிட்டச் சம்பளமில்லாம வேலை பாக்குறவன்தான் வர்றான். ஷேக்ராட், கோர்பாக்னு ரெண்டு அரக்கப் பசங்க பேசிக்கிறாங்க. இந்தச் சண்டை முடிஞ்சதும் நம்பிக்கையான பசங்க நாலு பேரைக் கூட்டிக்கிட்டு, மேலதிகாரி தொல்லை இல்லாத எடமாப் பாத்துப் போயிரலாமான்னு. பழைய காலம் நல்லாருந்துச்சுன்னு ஒரு பெருமூச்சு வேற. டீக்கடை பெஞ்சுல கேக்குற பேச்சு. அதை ஒளிஞ்சு நின்னு ஃப்ரோடோகூடப் போன சாம் கேக்குறான். சாமை, முதல் உலகப் போருல தான் பாத்த சாதாரண சிப்பாய்களை வெச்சுத்தான் டோல்கீன் படைச்சாரு. அதனால எதிராளிச் சிப்பாயோட பொலம்பலும் அவரு காதுல விழுந்திருக்கு. உன் கருப்புச் சேனையில ஒருத்தனாச்சும் லீவு கேட்டானா?

வயசானவன்னா குருதான், குருன்னா பாதிக் கதையில சாகணும். இது என்னடா நியாயம்? அரகார்னுக்குச் சண்டை நேரத்துல வயசு 87. பழைய இங்கிலீஷ் காவியத்துல வர்ற பேவுல்ஃப் கடைசியில டிராகன்கிட்டப் போறப்ப 50 வருசம் நாடாண்ட கெழவன். கூடப் போன பசங்க காட்டுக்குள்ள ஓடிட்டாங்க, ஒருத்தனே ஒருத்தன்தான் நின்னான். டெர்ரி பிராட்செட்டு கதையில கோகென்னு ஒரு மாவீரன், அவனுக்கும் 87. இடுப்பு வலி, பல்லு பூராம் போச்சு. வைரத்துல பல்லுசெட்டு கட்டிக்கிட்டான். அந்த ஊரு பூதங்களுக்குப் பல்லு வைரத்துலயாம். அதை வெச்சுச் செஞ்சது. எனக்கு அரசாங்க ஆசுபத்திரியில குடுத்தது பேசுறப்ப எல்லாம் கழண்டு வருது.

குதிரையப் பத்தியும் ஒரு வார்த்தை. டயானா வின் ஜோன்ஸ்னு ஒரு அம்மா 1996-ல இந்த மாதிரிக் கதை நாடுகளுக்குச் சுற்றுலாக் கையேடு கணக்கா ஒரு புத்தகம் போட்டு மானத்தை வாங்கிட்டாக. இந்தக் குதிரைகளுக்கு லாடம் கழறதில்ல, நோவு வர்றதில்ல. குட்டி போடுறதைப் பாத்தவனும் இல்ல, செடி மாதிரி மகரந்தத்துலதான் பெருகும் போலன்னு கேலி. ராத்திரி காட்டுல தங்குனா எல்லாப் பயலும் குழம்புதான் கொதிக்க வெக்கிறான், அது வேக எம்புட்டு நேரமாகும்னு தெரியுமான்னு ஒரு கேள்வி. உன் கதையில நாலு ராத்திரி, நாலும் குழம்பு. உங்க அப்பத்தா "வெறகு யாரு பொறுக்குனது"ன்னு கேட்டா. பதில் எழுதிப் போடு.

எஞ்சுனது வேலைக்காரன். விசுவாசம்னா விசுவாசம், எசமானுக்காக மலையேறுறான், முதுகுல அம்பு வாங்குறான், சம்பளப் பேச்சே எடுக்கல. 1615-ல செர்வாண்டிஸ் ரெண்டாம் பாகம் எழுதுனப்பவே சாஞ்சோ பான்ஸா எடுத்துட்டான்டா. மாசம் இம்புட்டுன்னு சம்பளம் பேசிக்கிருவோம்னான். டான் கிஹோட்டே, தான் படிச்ச வீரர் கதை எதுலயும் வேலைக்காரனுக்குச் சம்பளம் குடுத்ததா எழுதலியே, அதனால தர முடியாதுன்னாரு. சாஞ்சோ கண்ணீர் விட்டுட்டுக் கூடவே போனான், தீவு ஒண்ணுக்கு அதிபதி ஆக்குறேன்னு சொன்ன ஆசை வார்த்தைய நம்பி. பழமொழியா அள்ளி விடுற பயலாச்சே, சும்மா இருப்பானா? கடைசியில ஒரு வழி கெடைச்சுச்சு. எசமானோட கற்பனைக் காதலிக்குப் புடிச்ச சூனியம் தீரணும்னா சாஞ்சோ 3,300 கசையடி தன்னைத் தானே அடிச்சுக்கிறணும்னு வந்துச்சு. அடிக்கு இம்புட்டுன்னு கூலி பேசுனான். கால் ரியால் வீதம் 3,300-க்கு 825 ரியால். வாயாலயே கணக்குப் போட்டுச் சொல்லிட்டான். ராத்திரி தோப்புக்குள்ள போயி, முதுகுல ஆறேழு அடி போட்டுக்கிட்டான், வலி தாங்கல. பெறகு பக்கத்து மரத்தை விளாசு விளாசுன்னு விளாசுறான், அடிக்கொரு அலறல் மட்டும் தன் வாயால. எசமான் தள்ளி நின்னு எண்ணிக்கிட்டே உருகிப் போறாரு. உலகத்துல எம்புட்டோ வேலைக்காரன் பாத்திரம் இருக்கும். கூலியையும் முதுகையும் சேத்துக் காப்பாத்துனவன் இவன் ஒருத்தன்.

அதே புத்தகத்துல, மொதப் பாகத்துல, கிஹோட்டே வீட்டை விட்டுக் கெளம்புன முதல் ராத்திரி ஒரு சத்திரத்துல தங்குறாரு. சத்திரக்காரன் கேக்குறான், கையில காசு வெச்சிருக்கீகளான்னு. சல்லி இல்ல, எந்த வீரனும் காசு கொண்டு போனதா நான் படிச்சதே இல்லங்குறாரு. சத்திரக்காரன் கெட்டிக்காரன். அதை எழுதாம விட்டது, எழுதாமலே தெரியும்ங்குறதுனாலதான்னான். காசு, வெளுத்த சட்டை, காயத்துக்குப் போடுற களிம்பு டப்பி, இதெல்லாம் இல்லாம எந்த வீரனும் வாசப்படி தாண்டுனதில்லன்னு சொல்லி அனுப்புனான். மனுசன் அதுக்காகவே வீட்டுக்குத் திரும்பிப் போனாரு.

உன் பய நாளைக்கு விடியக்காலையில ஊரை விட்டுக் கெளம்புறான்ல, மூணாம் அத்தியாயத்துல? அவன் இடுப்புப் பையில எம்புட்டு இருக்குன்னு எழுது. அதுல எம்புட்டுக் கடன், அந்தக் கடனை ஊருல யாருகிட்ட வாங்குனான், திரும்பி வராட்டி எதை எடுத்துக்கச் சொன்னான், எல்லாத்தையும் எழுது. அப்படியே உன் தங்கச்சிக்குக் கண்ணாடி மாத்த நூத்தம்பது ரூவா குறையுதாம், அதையும் அனுப்பு. கண்ணு தெரிஞ்சாத்தானே அடுத்த அத்தியாயத்தை வாசிப்பா.